டான்ஷென் வேர்: நீரில் காய்ச்சினால் டான்ஷினோன் இறங்குவதில்லை, நேரம் கூடினால் சால்வியனோலிக் அமிலமும் குறைகிறது. எப்படிப் பிரித்தெடுப்பது?

வினா (ஆய்வு மாணவர், செங்டு)

அனைவருக்கும் வணக்கம். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், செங்டு நகரில், மூலிகை வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். டான்ஷென் எனப்படும் சால்வியா மில்டியோரைசா செடியின் வேரில் உள்ள சேர்மங்களைப் பிரித்தெடுத்து அளப்பதே என் பணியின் முதற்கட்டம். இரத்த ஓட்டம் தொடர்பான நோய்களுக்குச் சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் இவ்வேரில் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்த சேர்மங்கள் இருக்கின்றன. டான்ஷினோன் 2ஏ, டான்ஷினோன் 1, கிரிப்டோடான்ஷினோன் முதலான செந்நிறக் குயினோன்கள் ஒரு குடும்பம். சால்வியனோலிக் அமிலம் பி, டான்ஷென்சு முதலான பீனாலிக் அமிலங்கள் மற்றொரு குடும்பம்.

நோயாளிகள் இவ்வேரைப் பெரும்பாலும் கஷாயமாகவே குடிக்கிறார்கள் என்பதால், நானும் பொடித்த வேரை நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் வண்ணப்படத்தில் ஒரு முகடாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தினேன். கஷாயம் நல்ல பழுப்பு நிறத்தில் இறங்கியது. ஆனால் டான்ஷினோன் 2ஏ வரவேண்டிய இடத்தில் முகடு ஏறக்குறைய இல்லை. அதே பொடியை மெத்தனாலில் ஊறவைத்து அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தபோது, கரைசல் செங்கல் நிறத்தில் வந்தது. டான்ஷினோன் முகடுகள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. இதுவரை புரிகிறது. புரியாதது அடுத்தது: கொதிக்க வைக்கும் நேரத்தை நீட்ட நீட்ட, நீரில் நன்றாகக் கரையும் சால்வியனோலிக் அமிலம் பி-யின் முகடும் சிறுத்துக்கொண்டே போகிறது; அதே வேளையில் வண்ணப்படத்தின் தொடக்கத்தில் வரும் டான்ஷென்சுவின் முகடு வளர்கிறது. எனினும் டான்ஷென்சு கூடிய அளவு, பி அமிலம் குறைந்த அளவுக்கு எவ்வகையிலும் ஈடாக இல்லை.

என் ஐயங்கள் இவை. இரு குடும்பங்களையும் ஒரே கரைப்பானில் முழுமையாக இறக்க முடியுமா, அல்லது தனித்தனியாகத்தான் செய்யவேண்டுமா? கொதிக்கும்போது பி அமிலத்துக்கு என்ன நேர்கிறது, அதைத் தடுக்க வழி உண்டா? கஷாயத்தில் டான்ஷினோன் உண்மையிலேயே இல்லையா, அல்லது என் வடிகட்டலில் எங்காவது தொலைகிறதா? இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1 (தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

உங்கள் வினாவுக்குள் இரண்டு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேரில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. குடிப்பவருடைய கோப்பைக்குள் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது வேறு. முதலாவதற்கு, வேரிலிருந்து அச்சேர்மத்தை மிச்சமின்றி இழுத்து வெளியே கொண்டுவரும் கரைப்பான் வேண்டும். இரண்டாவதற்கு நீர்தான் கரைப்பான், கொதிநிலைதான் வெப்பநிலை; அங்கே குறைவாக இறங்கினால் அந்தக் குறைவே விடை. இந்த இரு எண்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, ஒன்றை மற்றொன்றின் பிழையாகக் காட்டும் கட்டுரைகளை மதிப்பிட நேரும்போதெல்லாம் வருந்துகிறேன்.

வேரின் மொத்த அளவுக்குச் சீன அரசின் மருந்துத் தர நூலாகிய சீனப் பார்மகோபியா தெளிவான வழி தருகிறது; அது இரு குடும்பங்களையும் தனித்தனியாகத்தான் இறக்கச் சொல்கிறது. டான்ஷினோன்களுக்கு ஏறத்தாழ 0.3 கிராம் பொடி, 50 மில்லிலிட்டர் தூய மெத்தனால், அல்ட்ராசோனிக் தொட்டியில் 30 நிமிடம். பி அமிலத்துக்கு ஏறத்தாழ 0.15 கிராம் பொடி, மெத்தனாலும் நீரும் 8:2 விகிதத்தில் கலந்த 50 மில்லிலிட்டர், அதே 30 நிமிடம். 2020 பதிப்பின்படி கிரிப்டோடான்ஷினோன், டான்ஷினோன் 1, டான்ஷினோன் 2ஏ ஆகிய மூன்றும் சேர்ந்து 0.25 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. பி அமிலம் 3.0 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது.

இந்த எண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒரு வேரில், 0.3 கிராம் பொடியிலிருந்து மூன்று டான்ஷினோன்களும் சேர்ந்து 0.75 மில்லிகிராம் வரும். 50 மில்லிலிட்டரில் அது மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம். அதே வேரின் 0.15 கிராமிலிருந்து பி அமிலம் 4.5 மில்லிகிராம் வரும். அதாவது மில்லிலிட்டருக்கு 90 மைக்ரோகிராம். பாதிப் பொடியிலேயே ஆறு மடங்கு செறிவு. ஒரே கரைசலில் இரண்டையும் அளக்க முற்பட்டால், பி அமிலத்துக்கு நீர்க்கச் செய்யவேண்டியிருக்கும்; நீர்க்கச் செய்தால் டான்ஷினோன் 1 போன்ற சிறிய முகடு தரைக்கோட்டோடு ஒட்டிப்போகும். எனவே தனித்தனியாகச் செய்வதே என் பரிந்துரை.

பார்மகோபியா முறையில் பலரும் தாண்டிச் செல்லும் ஒரு படி உண்டு. என் பார்வையில் முழு முறையிலும் அதுவே முதன்மையானது. கரைப்பானை ஊற்றியதும் மூடியோடு சேர்த்துக் குடுவையை நிறுத்துக் குறித்துக்கொள்ளவேண்டும். தொட்டியிலிருந்து எடுத்து, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, மீண்டும் நிறுத்து, குறைந்த எடையை அதே கரைப்பானை விட்டு ஈடுசெய்யவேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டியின் நீர் அரைமணி நேரத்தில் தானாகவே சூடேறும், மெத்தனால் ஆவியாகும், 50 மில்லிலிட்டர் என்று நீங்கள் எழுதிவைத்தது அந்த அளவில் நிற்காது. ஆவியான மெத்தனால் அவ்வளவும் உங்கள் விழுக்காட்டைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். தொட்டியில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பது நல்லது. ஆயினும் நிறுத்து ஈடுசெய்வதற்கு அது மாற்றாகாது.

பொடியின் பருமனையும் கவனியுங்கள். பார்மகோபியாவின் மூன்றாம் எண் சல்லடையில், அதாவது ஏறத்தாழ 355 மைக்ரோமீட்டர் துளையில், முழுவதும் இறங்கவேண்டும். சல்லடையில் தங்கியதை எறிந்துவிடாதீர்கள். திரும்ப அரைத்துச் சலியுங்கள். டான்ஷினோன்கள் வேரின் உட்பகுதியைவிட வெளித்தோலில்தான் செறிந்திருக்கின்றன. அந்தச் செந்நிறத் தோல் எளிதில் பொடியாகிவிடும். நடுவிலுள்ள நார்ப்பகுதி அரைபடாமல் நிற்கும். மேலே தங்கியதை எறிந்தால், தோலை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தவர் ஆவீர்கள். அதுபோலவே, ஒல்லியான வேர்களில் பருமனுக்குத் தோலின் பங்கு கூடுதல். ஆகவே ஒல்லியும் தடிப்புமாகக் கலந்து வாங்கிய வேரை நன்றாகக் கலந்து பங்கிடாமல் கைக்கு வந்ததை எடுத்து அரைத்தால், ஒரே மூட்டையிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளும் வெவ்வேறு விடை தரும்.

இனி, கஷாயத்தில் டான்ஷினோன் தொலைகிறதா என்ற ஐயம். நியாயமான ஐயம். டான்ஷினோன் நீரில் ஏறத்தாழக் கரையாது. கொதிக்கும்போது மற்றச் சேர்மங்களின் துணையோடு சிறிதளவு மிதந்து வந்தாலும், ஆறும்போது அது படிந்துவிடும், அல்லது 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் ஒட்டிக்கொள்ளும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கஷாயத்தை வடிதாளில் விடுவதற்கு முன், ஒரு பங்கை எடுத்துப் பல மடங்கு மெத்தனாலில் கலந்து குலுக்கி, மிதப்பவை கரைந்த பிறகு வடிகட்டிச் செலுத்துங்கள். நேரடியாக வடிகட்டிய பங்கோடு ஒப்பிட்டால் வடிதாள் எவ்வளவு விழுங்குகிறது என்பது தெரியும். எப்போதுமே வடிநீரின் முதல் மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு அடுத்து வருவதை எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சி முடித்த சக்கையை எறியாதீர்கள். அதை உலர்த்தி மெத்தனாலில் இறக்குங்கள். கஷாயத்தில் இருப்பதும் சக்கையில் இருப்பதும் சேர்ந்து, காய்ச்சாத வேரில் இருந்ததற்கு அருகில் வந்தால், டான்ஷினோன் வேரைவிட்டு வெளியேறவே இல்லை என்று உறுதியாக எழுதலாம். கூட்டுத்தொகை குறைந்தால் வெப்பத்தில் சிதைகிறது என்று பொருள். அந்த ஓர் அளவீடு இல்லாமல், கஷாயத்தில் டான்ஷினோன் இல்லை என்ற கூற்றுக்கு ஆய்வேட்டில் இடம் தரக்கூடாது.


மறுமொழி 2 (இயற்கைப் பொருள் வேதியியல் ஆசிரியர்)

மேலே சொன்னவை அனைத்தும் சரி. நான் வெப்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சால்வியனோலிக் அமிலம் பி எஸ்டர் பிணைப்புகளைக் கொண்ட பெரிய மூலக்கூறு. அதன் மூலக்கூறு நிறை 718.6. காஃபீக் அமில வகை அலகுகள் நான்கு சேர்ந்து உண்டானது அது. அவற்றுள் மூன்று டான்ஷென்சு அலகுகள். நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது எஸ்டர் பிணைப்பு நீராற்பகுப்படைந்து, அதாவது நீரால் உடைந்து, டான்ஷென்சு கழன்று வருகிறது. நீங்கள் கண்டது அதுதான். ஆனால் எடைக்கு எடை ஈடாகவேண்டும் என்று எதிர்பார்த்தது பொருந்தாது. டான்ஷென்சுவின் மூலக்கூறு நிறை 198.2 மட்டுமே. ஒரு மூலக்கூறு பி அமிலம் ஒரே ஒரு டான்ஷென்சுவை வெளிவிட்டால், ஒரு மில்லிகிராம் பி அமிலம் சிதைந்ததற்கு ஏறத்தாழ 0.28 மில்லிகிராம் டான்ஷென்சுதான் கூடும். மீதி வேறு உருவங்களில் இருக்கும். லித்தோஸ்பெர்மிக் அமிலம், சால்வியனோலிக் அமிலம் ஏ, புரோட்டோகேட்சூயிக் ஆல்டிஹைடு ஆகியவை இந்தச் சிதைவில் தோன்றுபவை என்று நன்கு அறியப்பட்டவை. உங்கள் வண்ணப்படத்தில் இடையில் புதிதாக முளைத்த சிறு முகடுகளைத் தேடிப் பாருங்கள். கணக்கை மில்லிகிராமில் போடாமல் மோலில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில், போடுங்கள். அப்போது இடைவெளி பெருமளவு குறையும்.

கரைசலின் அமிலத்தன்மையும் இங்கே பெரும்பங்கு வகிக்கிறது. அமிலச் சூழலில் பி அமிலம் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. நடுநிலையை நோக்கியும் காரத்தை நோக்கியும் போகப்போக வேகமாகச் சிதைகிறது. எனவே பகுப்பாய்வுக்காக எடுத்த கரைசலை நடுநிலையில் நெடுநேரம் மாதிரித்தட்டில் காத்திருக்க விடாதீர்கள். சிறிது பார்மிக் அமிலம் சேர்த்து, குளிர்பதனம் உள்ள தட்டில் வையுங்கள். முதலில் செலுத்திய கரைசலையே நாள் முடிவில் மீண்டும் ஒருமுறை செலுத்தி, முகட்டின் பரப்பு மாறவில்லை என்பதைக் காட்டுங்கள். கரைசலை ஒடுக்கவேண்டியிருந்தால் ரோட்டரி ஆவியாக்கியில் அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த வெப்பத்தில் செய்யுங்கள். முடிந்தால் உறைய வைத்து உலர்த்துங்கள்.

வெப்பம் மருந்தைக் கொன்றுவிடும் என்பதற்குச் சீன மூலிகை வேதியியலில் யாவரும் அறிந்த சான்று மலேரியா மருந்தாகிய ஆர்ட்டெமிசினின். 1967இல் மலேரியா மருந்தைத் தேடத் தொடங்கப்பட்ட திட்டம் 523இல், 1969 முதல் பெய்ஜிங்கில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்ற தூ யோயோ, சிங்ஹாவ் செடியிலிருந்து எடுத்த சாறு ஒருமுறை வேலை செய்வதும் மறுமுறை வேலை செய்யாமல் போவதுமாக இருந்ததைக் கண்டார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கெ ஹொங்கின் மருத்துவக் குறிப்பில், ஒரு கைப்பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கவேண்டும் என்றிருந்ததே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பந்தான் செயல்திறனைக் கெடுக்கிறதோ என்று எண்ணிய அவர், ஏறத்தாழ 35 டிகிரியில் கொதிக்கும் ஈதருக்கு மாறினார். பின்னர் அச்சாற்றின் அமிலப் பகுதியை நீக்கி, நடுநிலைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். 1971 அக்டோபரில் 191 என்ற எண்ணுள்ள மாதிரி, எலி மலேரியா ஒட்டுண்ணிகளை முற்றிலும் ஒடுக்கியது. 1972இல் படிகம் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது. கரைப்பானையும் வெப்பநிலையையும் மாற்றியது அந்தக் கண்டுபிடிப்பின் ஒரு துணைப்படி அன்று, கண்டுபிடிப்பே அதுதான்.

ஆனால் இந்தக் கதையைப் படித்துவிட்டு, எல்லா மூலிகையையும் குளிர்ந்த நிலையிலேயே இறக்கவேண்டும் என்று முடிவு கட்டும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அது ஆபத்தான முடிவு. ஹுவாங்சின் எனப்படும் ஸ்கூட்டெல்லேரியா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதன்மைச் சேர்மம் பைக்கலின். அவ்வேரைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால், வேரிலேயே இருக்கும் நொதி விழித்துக்கொண்டு பைக்கலினை உடைத்துப் பைக்கலீனாக மாற்றிவிடும். அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மஞ்சளாக இருந்த துண்டுகள் ஓரத்திலிருந்து பச்சையாகத் திரும்பும். பச்சை படிந்த ஹுவாங்சினை வாங்கும் வணிகர் கையில் எடுத்த உடனே ஒதுக்கிவிடுவார். அதனால்தான் பார்மகோபியா அவ்வேரை முதலில் கொதிநீரில் 10 நிமிடம் வேகவைக்கவோ அரைமணி நேரம் ஆவியில் வைக்கவோ சொல்கிறது. அங்கே வெப்பம் சேர்மத்தைக் காக்கிறது. ஃபூசி எனப்படும் அகோனைட்டு வேரில் நிலைமை இன்னும் கடுமையானது. அதிலுள்ள அகோனிட்டின் கொடிய நஞ்சு. நெடுநேரம் கொதிக்க வைக்கும்போது நீராற்பகுப்படைந்து, நச்சுத்தன்மை பெரிதும் குறைந்த பென்சாயிலகோனினாக மாறுகிறது. உங்கள் பி அமிலத்தைக் குலைக்கும் அதே எஸ்டர் நீராற்பகுப்பு, ஃபூசியைக் குடிப்பவரின் உயிரைக் காப்பாற்றுகிறது.

ஆகவே டான்ஷெனுக்கு விடை டான்ஷெனிலிருந்துதான் வரவேண்டும். காய்ச்சும் நேரத்தை அச்சாக வைத்து, பி அமிலம், டான்ஷென்சு, லித்தோஸ்பெர்மிக் அமிலம் ஆகிய மூன்றின் வரைகோடுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். பி அமிலம் முதலில் வேரிலிருந்து இறங்குவதால் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சிதைவதால் குறைவதைக் காண்பீர்கள். வேரிலிருந்து இறங்குவதும் சிதைவதும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அவ்விரண்டையும் பிரித்தறிய, சக்கையை நீக்கிய தெளிந்த கஷாயத்தை மட்டும் தனியாகக் கொதிக்கவிட்டு ஒரு வரைகோடு எடுங்கள். அதில் பி அமிலம் குறைவது மட்டுமே இருக்கும். அதுவே சிதைவின் வேகம்.


வினவியவரின் தொடர்ச்சி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தெளிந்த கஷாயத்தைத் தனியாகக் காய்ச்சிப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த சோதனையே அதுதான். சக்கையையும் இனி எடுத்து வைக்கிறேன்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. என்னிடம் ஒப்பிட்டு அளப்பதற்கான தூய ஸ்டாண்டர்டாக டான்ஷினோன் 2ஏ-யும் சால்வியனோலிக் அமிலம் பி-யும் மட்டுமே உள்ளன. கிரிப்டோடான்ஷினோனும் டான்ஷினோன் 1-ம் வாங்க நிதி ஒதுக்கீடு கிடைக்கவில்லை. ஒரே ஸ்டாண்டர்டை வைத்துப் பலவற்றை அளக்கும் முறை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை நம்பி ஆய்வேட்டில் எண்கள் தரலாமா?


மறுமொழி 3 (நிறை நிறமாலைக் கருவியில் பணிபுரிபவர்)

தரலாம், ஆனால் அம்முறையின் வரம்புகள் எங்கே இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டு தரவேண்டும்.

சீனப் பார்மகோபியாவே டான்ஷெனுக்கு அந்த முறையைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. டான்ஷினோன் 2ஏ-யை மட்டும் ஸ்டாண்டர்டாக வைத்து, கிரிப்டோடான்ஷினோனின் முகட்டுப் பரப்பை 1.18ஆலும், டான்ஷினோன் 1-இன் பரப்பை 1.31ஆலும் பெருக்கி அளவைக் கணக்கிடச் சொல்கிறது. 270 நானோமீட்டரில் ஒவ்வொரு சேர்மமும் ஒளியை உறிஞ்சும் அளவு வேறுபடுவதைச் சரிசெய்வதே அந்த எண்களின் வேலை. எனவே அவை 270 நானோமீட்டருக்கு மட்டுமே உரியவை. வேறு அலைநீளத்தில் அளந்துவிட்டு இந்த எண்களால் பெருக்கினால் வரும் விடைக்குப் பொருள் இல்லை. உங்கள் ஒளிக்கற்றையின் அலைநீளம் ஓரிரு நானோமீட்டர் நகர்ந்திருந்தாலும் கூட, சரிவான இடத்தில் உறிஞ்சும் சேர்மத்துக்குக் காரணி மாறிவிடும். கருவியின் அலைநீளத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்த முகடு எது என்பது. தங்கும் நேரத்தை, அதாவது முகடு வெளிவர ஆகும் நேரத்தை, டான்ஷினோன் 2ஏ-யோடு ஒப்பிட்டு, கிரிப்டோடான்ஷினோன் 0.75 இடத்திலும் டான்ஷினோன் 1 0.79 இடத்திலும் வரும் என்றும், அவற்றிலிருந்து 5 விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த இரு எல்லைகளையும் கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவது 0.7125 முதல் 0.7875 வரை, இரண்டாவது 0.7505 முதல் 0.8295 வரை. ஒன்றின் எல்லை மற்றொன்றினுள் நுழைந்து கிடக்கிறது. ஆகவே தங்கும் நேரத்தை மட்டும் வைத்து, 0.77 இடத்தில் நிற்கும் ஒரு முகட்டுக்குப் பெயர் சூட்ட முடியாது. டையோடு வரிசை உணரி இருந்தால் புறஊதா நிறமாலையை ஒப்பிடுங்கள். நிறை நிறமாலைக் கருவியை அணுக முடிந்தால் ஒரே ஒரு முறை செலுத்தினால் போதும்: நேர்மின் முறையில், நிறை-மின்சுமை விகிதமாக, கிரிப்டோடான்ஷினோன் 297இலும், டான்ஷினோன் 1 277இலும், டான்ஷினோன் 2ஏ 295இலும், டைஹைட்ரோடான்ஷினோன் 1 279இலும் தெரியும். பெயர் ஒருமுறை உறுதியாகிவிட்டால், பிறகு அதே சி18 பிரிகைக் குழாயில், அதே நிலைமையில் சாதாரண எச்.பி.எல்.சி.யே போதுமானது.

பி அமிலத்தை எதிர்மின் முறையில் பாருங்கள். 717இல் தாய் அயனி; அதிலிருந்து 519, பிறகு 321. ஒவ்வொரு படியிலும் 198 கழிகிறது. மறுமொழி 2-இல் சொல்லப்பட்ட அதே டான்ஷென்சு அலகுதான் கருவிக்குள்ளும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. வேதியியல் தாளில் எழுதிப் படித்த அமைப்பு, கண்ணெதிரே எண்ணாக இறங்கி வருவதைப் பார்ப்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஒரு முக்கியக் குறிப்பு: பார்மகோபியா முறையில் குழாய்க்குள் ஓடும் கரைப்பானில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அது ஆவியாகாது; அதை நிறை நிறமாலைக் கருவிக்குள் விட்டால் அயனி மூலத்தில் படிந்து, சுத்தம் செய்யப் பெரும்பாடாகிவிடும். பார்மிக் அமிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். மாறும்போது தங்கும் நேரம் சற்று நகரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிரிகைக் குழாயின் வெப்பநிலை 20 டிகிரி என்று பார்மகோபியா சொல்வதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 0.75, 0.79 என்று இவ்வளவு நெருங்கி நிற்கும் இரு முகடுகளை அந்தக் குளிர்ச்சிதான் பிரித்து வைக்கிறது. செங்டுவின் கோடையில், சூடேற்ற மட்டுமே தெரிந்த அடுப்பு உள்ள கருவியில் அந்த வெப்பநிலையை எட்ட முடியாது. குளிரூட்டும் வசதியுள்ள அடுப்பு வேண்டும். இல்லையென்றால் உங்கள் நிலைமையில் அவ்விரு முகடுகளும் தரைக்கோடு வரை பிரிகின்றனவா என்று பார்த்து, பிரியாவிட்டால் கரைப்பான் ஏற்றத்தின் சரிவை, அதாவது ஓட்டத்தினூடே கரைப்பான் விகிதம் மாறும் வேகத்தை, குறைத்துச் சீராக்குங்கள். டான்ஷினோன் ஸ்டாண்டர்டைப் பழுப்புநிறக் குடுவையில் கரைத்து வையுங்கள். வெளிச்சத்தில் அது நிலைக்காது.

ஒரே கரைப்பானில் இரண்டையும் இறக்கலாமா என்பதில் மட்டும் மறுமொழி 1-லிருந்து சற்று விலகுகிறேன். வேரின் அளவை விழுக்காட்டில் அறிவிக்கத் தனித்தனியாகச் செய்வதே முறை. ஆனால் பல ஊர்களிலிருந்து வந்த வேர்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் கைரேகை வண்ணப்படத்துக்கு, 70 முதல் 80 விழுக்காடு மெத்தனாலில் ஒரே முறை இறக்கி, நீர் மிகுந்த நிலையிலிருந்து அசிட்டோனைட்ரைல் மிகுந்த நிலை வரை நீண்ட ஏற்றத்தில் ஓட்டினால், டான்ஷென்சு தொடங்கி டான்ஷினோன் 2ஏ வரை ஒரே படத்தில் கிடைக்கும். நூறு மாதிரிகள் காத்திருக்கும்போது இந்தச் சிக்கனம் அவசியமாகிறது. அப்படிச் செய்யும்போது செலுத்தும் அளவைக் குறைவாக வையுங்கள், அல்லது மாதிரியை நீரால் சிறிது நீர்க்கச் செய்யுங்கள். மெத்தனால் மிகுந்த கரைசலை, நீர் மிகுந்த தொடக்க நிலைமைக்குள் அதிகமாகச் செலுத்தினால், முதலில் வரும் டான்ஷென்சுவின் முகடு அகன்று உருக்குலையும். உங்கள் வினாவுக்கு அந்த முகடுதான் உயிர்நாடி.

மீட்பு விகிதத்தையும் மறக்கவேண்டாம். ஏற்கெனவே அளவு தெரிந்த வேர்ப்பொடியில், தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து, முழு முறையையும் தொடக்கத்திலிருந்து செய்து, சேர்த்தது எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுங்கள். கஷாயத்துக்கும் அதையே செய்யுங்கள். பி அமிலத்தைக் காய்ச்சும் முன் சேர்த்தால் ஒரு விடையும், காய்ச்சி முடித்தபின் சேர்த்தால் வேறொரு விடையும் வரும். அந்த வேறுபாட்டில் சிதைவின் அளவு நேரடியாகத் தெரியும்.


மறுமொழி 4 (மூலிகை அடையாளம் காணும் பணியில் உள்ளவர்)

எவரும் இன்னும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். வேர் எங்கிருந்து வந்தது?

செங்டுவில் ஹெஹுவாச்சி மூலிகைச் சந்தை இருக்கிறது. சிச்சுவானின் ஜொங்ஜியாங் பகுதி டான்ஷெனுக்குப் பெயர்பெற்றது. ஷான்டோங், ஹெனான் மாகாணங்களிலிருந்தும் இவ்வேர் வருகிறது. சந்தையில் வாங்கிய வேர் என்றால், எந்த வட்டாரம், எந்த அறுவடை, முழு வேரா நறுக்கியதா என்பதை வணிகரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நறுக்குவதற்காக நீரில் நெடுநேரம் ஊறப்போட்ட வேரில் பி அமிலம் ஊறிய நீரோடு போயிருக்கும். அப்படிப்பட்ட துண்டுகளை வைத்துக்கொண்டு, உங்கள் பிரித்தெடுப்பு முறையில் குறை தேடுவது வீண். நறுக்காத முழு வேரை வாங்கி, நீங்களே பொடிப்பது பாதுகாப்பானது.

சால்வியா பேரினத்தில் செந்நிற வேருடைய வேறு இனங்களும் உண்டு. அவற்றிலும் டான்ஷினோன்கள் இருக்கின்றன. ஆகவே டான்ஷினோன் முகடு வந்ததாலேயே அது மில்டியோரைசா என்று ஆகிவிடாது. மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையில், அதிகாரபூர்வ மாதிரி வேரை அருகில் வைத்து ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. பட்டைக்குறியும் எடுங்கள்.

பெல்ஜியத்தில் நடந்ததை இத்துறையில் எவரும் மறக்கக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில், ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேர் இருக்கவேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பின்னாளில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் வந்தது. 1993இல் அது மருத்துவ இதழில் வெளியானது. ஸ்டெஃபானியாவுக்கே உரிய டெட்ராண்ட்ரின் இருக்கிறதா, இருக்கக்கூடாத அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறதா என்று அந்தப் பொடியை முன்கூட்டியே ஒருமுறை வண்ணப்பிரிகையில் ஓட்டிப் பார்த்திருந்தால் வேர் மாறியிருப்பது தெரிந்திருக்கும். டான்ஷெனில் அத்தகைய நஞ்சு இல்லை என்பது உண்மை; ஆயினும் நீங்கள் வெளியிடும் விழுக்காட்டை நம்பி இன்னொருவர் மருந்து தயாரிப்பார்.

எனவே மூட்டையைப் பிரித்ததும், பொடிப்பதற்கு முன்பே, சில முழு வேர்களைத் தனியே எடுத்து, உலர்ந்த காற்றுப்புகா உறையில் இட்டு, வாங்கிய இடம், நாள், வணிகர் சொன்ன வட்டாரம் ஆகியவற்றை எழுதி, உங்கள் துறையின் மூலிகைக் காப்பகத்தில் ஒப்படைத்து, அதன் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஆய்வேட்டில் மாதிரியைப் பற்றிப் பேசும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். இப்போதைய மூட்டையில் முழு வேர் எதுவும் மிச்சமில்லை என்றால், மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்குமுன் புதிய வேரை வாங்கிவிடுங்கள்.